பிழை தேடும் பிள்ளையின் அருகில்

டாலஸ் மாநகரின் வடமேற்கே, பெரிய விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் காப்பெல் என்னும் ஊரில், 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 42,983 பேர் வசிக்கிறார்கள். அவர்களுள் நம்மவர் தொகை அற்பமானதன்று என்பதை, சனிக்கிழமை காலையில் காஸ்பி நூலகத்தின் வாசலில் பத்து நிமிஷம் நின்று காதைக் கொடுத்தால் எவரும் அறிந்துகொள்ளலாம். இவ்வூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் தகப்பனாரோ தாயாரோ, சில வீடுகளில் இருவருமோ, கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஆகையால், பள்ளிக்கூடத்தில் ஜாவா படிக்கும் பிள்ளை இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, வொர்க் ஆக மாட்டேங்குது” என்று முன்னால் நிற்கும்போது, அந்தத் தகப்பனாருக்கு நேருவது மற்ற ஊர்த் தகப்பன்மாருக்கு நேராத ஒரு விசேஷமான சோதனை. பிழை எந்த வரியில் இருக்கிறதென்று அவர் கண்ணுக்கு மூன்று விநாடியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த மாத்திரத்தில் கை தானாக நீள்கிறது. ஓர் எழுத்தை அழித்து மற்றோர் எழுத்தை இடுகிறது. பிள்ளையும் சந்தோஷமாகத் தன் அறைக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அடுத்த வியாழக்கிழமை, வேறோர் அசைன்மென்ட்டில், அதே பிழையைச் செய்துவிட்டு, அதே நாற்காலியின் அருகில், அதே வார்த்தைகளோடு வந்து நிற்கிறது.

அந்தக் கையை நீட்டாதீர்கள் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது. கீபோர்டு பிள்ளையினுடையது, மவுஸும் பிள்ளையினுடையது, உங்கள் இரண்டு கைகளும் உங்கள் மடிமீது இருக்கவேண்டும். இதைச் சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது மகா சிரமம் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். என் மகளுக்கு முதல் ஆறு மாத காலம் நானே எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நல்ல மதிப்பெண் வந்துகொண்டிருந்தபடியால் அதில் தவறு உண்டென்றே எனக்குத் தோன்றவில்லை. ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ என்னும் பரீக்ஷைக்கு அவள் தயாராகத் தொடங்கியபோதுதான் நான் செய்த காரியத்தின் பலன் தெரிந்தது. அந்தப் பரீக்ஷையில் 2024 வரை நிரலைக் காகிதத்தில் கையால் எழுதவேண்டியிருந்தது. 2025 முதல் திரையில் தட்டச்சுச் செய்யலாமென்றாலும், எழுதியதை ஓட்டிப் பார்க்கும் வசதி அங்கே கிடையாது. டெக்ஸஸ் பள்ளிகளுக்கிடையே யூஐஎல் அமைப்பு நடத்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டியின் எழுத்துத் தேர்விலும், ஒரு நிரலைக் கொடுத்து, இது எதை அச்சிடும் என்று கேட்பார்கள். யந்திரம் பக்கத்தில் இராது. ஓட்டிப் பார்க்காமல் ஒரு நிரலை மனத்துக்குள் நடத்திப் பார்க்கும் சக்தி என் மகளிடம் வளரவே இல்லை. வளரவேண்டிய இடத்திலெல்லாம் நான் குறுக்கே கையை வைத்திருந்தேன்.

இனி, கையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

“வொர்க் ஆகவில்லை” என்பது ஒரு செய்தியாகாது. வைத்தியரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவனைப் போன்றவன் அப்படிச் சொல்லும் மாணவன். ஆதலால், நிரல் ஓடவே மறுக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கையில் நடுவில் நின்றுவிடுகிறதா, அல்லது கடைசிவரை ஓடித் தப்பான விடையைத் தருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். இந்த மூன்றும் மூன்று வேறு வியாதிகள். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதல் இரண்டிலும் யந்திரமே வாய் திறந்து பேசுகிறது. நம் பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். சிவப்பு எழுத்தைக் கண்டதும், தன்னை யாரோ திட்டுவதாக எண்ணிக்கொண்டு ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அதைச் சத்தம் போட்டு, ஒரு சொல் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ‘7 என்ற இடம், நீளம் 7 உள்ள வரிசைக்கு அப்பாற்பட்டது’ என்ற பொருளில் ஜாவா சொல்லுமானால், அதைவிடத் தெளிவான வாக்குமூலம் உலகத்தில் எந்தச் சாட்சியும் கொடுத்ததில்லை: ஏழு பெட்டிகளும் பூஜ்யம் முதல் ஆறு வரை எண்ணிடப்பட்டிருக்க, எவனோ ஏழாம் எண் பெட்டியைத் திறக்கப் போயிருக்கிறான்; எந்த வரியில் போனான் என்பதும் கீழேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. யந்திரம் சுட்டிக்காட்டும் வரி, அது திகைத்து நின்ற இடமேயன்றிப் பிழை பிறந்த இடமாக எப்போதும் இருக்கவேண்டியதில்லை. ஒரு சுருள் அடைப்பை மூட மறந்துவிட்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு முடிந்துபோயிற்று என்று கடைசி வரியைக் காட்டிப் புலம்பும். மறந்த அடைப்போ நாற்பது வரிக்கு மேலே இருக்கும். பிள்ளை கடைசி வரியையே உற்றுப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருக்கும் அந்த வேளையில் நீங்கள் சொல்லவேண்டியது, “இதுக்கு மேலே எங்கேயாவது திறந்தது மூடாம இருக்கா பாரும்மா” என்பதோடு சரி.

மூன்றாம் வகைதான் கடினம். அங்கே யந்திரம் மௌனமாக இருக்கிறது. எல்லாம் க்ஷேமமென்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிழையை ஒரு பெண் கண்டுபிடித்த விதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன். இந்தக் கலையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஆரம்ப மாணவர்களுக்கு, லூப்புக்குள் லூப் எழுதிப் பழகுவதற்காக, நட்சத்திரங்களால் ஓர் உருவத்தை அச்சிடும் பயிற்சியை ஆசிரியர்கள் கொடுப்பது வழக்கம். உருவம் இன்னதென்று அந்தப் பெண்ணின் ஆசிரியை கட்டாயப்படுத்தவில்லையாதலால், பாட்டி ஊரில் வாசலில் இடும் இடுக்குப்புள்ளிக் கோலத்தை அச்சிடுவதென்று அவள் தீர்மானித்தாள். ஏழு புள்ளி, நாலில் நிறுத்து என்று சொல்வார்களே, அந்தக் கோலம்: நடுவரிசையில் ஏழு புள்ளி, அதற்கு மேலும் கீழும், இடைவெளிக்கு நேராக, ஆறு, ஐந்து, நாலு. ஆக வரிசை ஏழு. மேலிருந்து கீழாக 4, 5, 6, 7, 6, 5, 4 என்று கூட்டினால் 37 புள்ளி. நிரல் ஓடியது, ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை, கோலமும் ஏறக்குறையக் கோலமாகவே தெரிந்தது. ஆயினும் ஏதோ சரியாக இல்லையென்று அவளுக்குத் தோன்றிற்று. என்ன சரியாக இல்லையென்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கும்பகோணத்திலிருந்து பாட்டி வீடியோவில் வந்தார். செப்டம்பர் மாதமாகையால், காப்பெலில் இரவு எட்டு மணி என்றால் அங்கே மறுநாள் காலை ஆறரை. பாட்டி அப்போதுதான் வாசலில் கோலத்தை முடித்துவிட்டுக் கையில் கோலமாவோடு உட்கார்ந்திருந்தார். பேத்தி போனைத் திருப்பித் திரையைக் காட்டினாள்.

“நடுவரிசையிலே எத்தனை கண்ணு?”

“ஏழு, பாட்டி.”

“கடைசி வரிசையிலே?”

“நாலு.”

“அப்போ அதுக்கும் கீழே மூணு வெச்சிருக்கியே, அது யாருக்கு?”

திரையின் அடியில் உண்மையாகவே மூன்று புள்ளிகள் இருந்தன. அவளும் அவற்றை முன்பே பார்த்திருந்தாள். ஆனால் பார்த்ததைத் தான் எண்ணியதோடு ஒப்பிடவில்லை. ஒப்பிடுவதற்கு, தான் எண்ணியது இன்னதென்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. இதுதான் நான் கண்ட ஆரம்ப மாணவர்களில் அநேகருக்கும் உள்ள குறை. பிரத்தியட்சம் கண் முன்னால் இருக்கிறது. அனுமானம் மட்டும் மங்கலாக இருக்கிறது. மங்கலானதோடு தெளிவானதை எப்படி ஒத்துப்பார்ப்பது? ஆதலால் ‘ரன்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், என்ன வரப்போகிறதென்று நீ நினைக்கிறாய் என்று கேளுங்கள்; வாயால் சொல்ல விடாமல், காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். 37 என்று எழுதியிருந்து, 40 வந்திருந்தால், ‘ஏதோ சரியாக இல்லை’ என்ற கலக்கம் ‘மூன்று அதிகம்’ என்ற தகவலாக அந்தக் கணமே மாறியிருக்கும்.

அந்த மூன்று என்பது சாதாரண எண்ணன்று. பிழையின் அளவு அநேக சமயங்களில் பிழையின் விலாசத்தைச் சொல்லும். நிரல் தன் வரிசைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. நடுவரிசை மூன்றாம் எண். ஒரு வரிசை நடுவிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறதோ அத்தனையை ஏழிலிருந்து கழித்தால் அந்த வரிசையின் புள்ளி. இந்த வாய்பாட்டில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் (கைகள் மடியில் இருந்தன, நான் பார்த்தேன்) ஒரு காகிதத்தை நீட்டி, ஒவ்வொரு சுற்றிலும் வரிசை எண், நடுவிலிருந்து தூரம், புள்ளி என்ற மூன்றையும் எழுதிக்கொண்டே வா என்று மாத்திரம் சொன்னார். அவள் எழுதினாள்: பூஜ்யம், மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, ஐந்து. இப்படியே வந்து, ஆறு, மூன்று, நாலு என்று ஏழாவது சுற்றை எழுதி நிறுத்தினாள். “நிரல் இங்கே நிற்குமா?” என்று அவர் கேட்டார். அவள் திரையைப் பார்த்தாள். ஏழுக்குச் ‘சிறியது’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ என்ற குறி இருந்தது. “நிற்காது,” என்று சொல்லிவிட்டு, எட்டாவது சுற்றையும் எழுதினாள்: ஏழு, நாலு, மூன்று. அந்த மூன்று காகிதத்தில் விழுந்தபோது அவள் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடமிருந்து ஒரு நொடியில் பறித்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பறிக்கவில்லை.

பாட்டி இங்கே செய்த உபகாரத்தையும் கவனிக்கவேண்டும். புரோகிராமர்கள், மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, அதனிடம் தங்கள் நிரலை வரிவரியாக விளக்குவதுண்டு. 1999-இல் ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் எழுதிய நூலொன்று அந்த வழக்கத்தைப் பிரபலப்படுத்தியது. விளக்கத் தொடங்கினால், விளங்காத இடம் தானே அகப்படும் என்பது அதன் தத்துவம். வாத்தைக் காட்டிலும் பாட்டி உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பாட்டிக்கு ஜாவா தெரியாது. ஆகையால் பிள்ளை ஒன்றையும் விழுங்கிவிட்டுப் போக முடியாது. அதோடு, ‘அப்புறம்?’ என்று கேட்பதற்கு வாத்துக்கு வாயில்லை. ஆறு மாதம் தங்குவதாக வந்து இங்கே பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். பேத்தியின் அசைன்மென்ட்டைக் கேட்பதற்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

கோலம் சரியாகிவிட்டது, 37 புள்ளியும் வந்துவிட்டன. இனித் திருப்தியோடு எழுந்து போகலாமா என்றால், கூடாது. ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1999 வரை பேராசிரியராக இருந்த டைக்ஸ்ட்ரா என்ற டச்சுப் பேரறிஞர், சோதனைகளால் பிழை இருப்பதை நிரூபிக்கலாமேயொழிய, இல்லாமையை நிரூபிக்க முடியாதென்று தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார். அதன் அர்த்தத்தை அந்தக் கோலமே எங்களுக்குக் காட்டிற்று. 9-க்கு 5, 11-க்கு 6, 15-க்கு 8 என்று வழக்கமான கோலங்களையெல்லாம் அவள் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அச்சுப்பிசகாமல் வந்தது. பிறகு, இருப்பதிலேயே சிறியதைக் கொடுத்துப் பார் என்று நான் சொன்னதன்பேரில், 2-க்கு 1 கொடுத்தாள். ஒன்று, இரண்டு, ஒன்று என்று மூன்று வரிசையில் நாலு புள்ளி வரவேண்டும். ஒன்று, இரண்டு என்று இரண்டே வரிசையோடு நின்றுவிட்டது. காரணம் இதுதான்: நடுவரிசையில் எத்தனை புள்ளியோ அத்தனை வரிசை என்று அவள் எழுதியிருந்தாள். வழக்கமான கோலங்களில் நடுவரிசையின் எண்ணோடு ஒன்று கூட்டிப் பாதியாக்கிய இடத்தில் நிறுத்துவதால், அந்த எண்ணும் வரிசைகளின் எண்ணிக்கையும் தற்செயலாக ஒன்றாகிவிடுகின்றன. உண்மையில் வரிசைகளின் எண்ணிக்கை, நடுவரிசையின் எண்ணுக்கும் நிறுத்தும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டித்து ஒன்று கூட்டியதாகும். தவறான காரணத்தால் சரியான விடை வந்துகொண்டிருந்தது. ஆதலால் பிள்ளை எந்த நிரலை முடித்தாலும், மிகச் சிறியது, வெறுமையானது, ஒற்றைப்படை, இரட்டைப்படை, எதிர்பாராதது என்று சில விபரீதமான உள்ளீடுகளை அவனே யோசித்துக் கொடுக்கும்படி பழக்குங்கள்.

சில சில்லறைப் பிழைகளை இங்கே ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துபோகும். 92-க்கும் 95-க்கும் சராசரி 93 என்று வரும், 93.5 வராது. இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி இட்டால், சொற்களை ஒப்பிடாமல், அவை ஒரே பொருள்தானா என்று மட்டும் ஒப்பிடும். சில வேளை சரியாகவும் சில வேளை தவறாகவும் விடை வந்து பிள்ளையை மயக்கும். ஒரு பட்டியலை முன்னிருந்து பின்னாக நடந்துகொண்டே அதிலுள்ளவற்றை நீக்கினால், நீக்கியதற்கு அடுத்தது கண்ணில் படாமல் தப்பிவிடும். இம்மூன்றையும் ஒருமுறை தானே கண்டுபிடித்த பிள்ளை பிறகு மறப்பதில்லை.

நீண்ட நிரலில் பிழை எங்கே என்று தெரியாதபோது, பாதியில் ஓர் அச்சிடும் வரியைப் போட்டு, அதுவரை மதிப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. சரியென்றால் பிழை கீழ்ப்பாதியில், தவறென்றால் மேற்பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், நூறு வரியும் ஏழு தடவைக்குள் ஒரு வரியாகிவிடும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். பதற்றத்தில் ஐந்து இடத்தை மாற்றிவிட்டு, தற்செயலாக நிரல் ஓடிவிட்டால், ஐந்தில் எது மருந்து, எது விஷம் என்று எப்படித் தெரியும்? மாற்றுமுன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அவசியம். இன்றைய எடிட்டர்களில், ஒரு வரியில் சிவப்புப் பொட்டு வைத்து அங்கே நிரலை நிறுத்தி, அப்போதைய மதிப்புகளையெல்லாம் பார்க்கும் டீபக்கர் என்ற கருவி இருக்கிறது. அருமையான கருவிதான், ஆனால் காகிதத்தில் சுற்றுகளை எழுதத் தெரிந்த பிறகே அதைக் கொடுங்கள்.

கண்டுபிடித்த பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வழக்கத்தையும் நான் சிபாரிசு செய்கிறேன். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டின் மார்க் 2 என்ற யந்திரத்தில் ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்க, அதை எடுத்தவர்கள் தூக்கி எறியாமல் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் விவரமும் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் பிள்ளையின் நோட்டிலும் அப்படியே: எதை எதிர்பார்த்தேன், எது வந்தது, காரணம் எது என்று மூன்று வரி போதும். பிழை செய்வது மந்த புத்தியின் அடையாளமென்று எண்ணி உள்ளுக்குள் குமையும் பிள்ளைகளுக்கு அந்த நோட்டு ஒரு தைரியம். கேம்பிரிட்ஜில் எட்சாக் யந்திரத்தை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், அந்த யந்திரம் ஓடத் தொடங்கிய 1949-லேயே, இனித் தம் ஆயுளில் பெரும்பகுதி தம்முடைய நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறதென்று மாடிப்படியில் நின்று உணர்ந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அப்போது எழுதிய நிரல் ஒன்றின் துளைநாடா பின்னாளில் அகப்பட்டது. 126 வரியில் ஏறக்குறைய இருபது பிழைகள் அதில் இருந்தன. இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம், கேட்கும் பிள்ளையின் தோள்கள் சற்றே தளர்ந்து இறங்குவதைக் காண்கிறேன்.

இக்காலத்தில் பிழையைக் கேட்டவுடன் திருத்திக் கொடுக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை நான் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. ஆனால் மூன்று விநாடியில் திருத்திவிடும் தகப்பனாரைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். அவருக்காவது உறக்கம் வரும், அவற்றுக்கு அதுவும் இல்லை. பிள்ளை தன் அனுமானத்தை நோட்டில் எழுதிய பிறகு, அந்த அனுமானம் சரியா என்று கேட்பதற்கு அவற்றை உபயோகிக்கலாம். பள்ளி அனுமதிக்கும் அளவுக்குத்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அசைன்மென்ட் பிள்ளையின் பெயரில் போகிறது.

எல்லாவற்றினும் நுட்பமான பிழை, நிரலில் இல்லாமல் நம் எண்ணத்தில் இருப்பது. அதே பெண்ணுக்கு, ஒரு சொல்லைப் பின்னிருந்து படித்தாலும் அதுவாகவே இருக்கிறதா என்று சோதிக்கும் நிரல் அடுத்த அசைன்மென்ட்டாக வந்தது. இதை நம் இலக்கணத்தார் மாலைமாற்று என்பார்கள். திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். முதலெழுத்தும் கடைசியெழுத்தும் ஒன்றா, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒன்றா என்று உள்நோக்கி ஒப்பிட்டுக்கொண்டே போகவேண்டும். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் அவள் நிரல் சரியாக விடை சொன்னது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற ‘விகடகவி’யை ஆசையோடு கொடுத்தாள். இல்லை என்றது நிரல்.

அவள் நிரலை வரிவரியாகச் சோதித்தாள், பிழை இல்லை. சோதித்தது சரிதான், அங்கே பிழை இருக்கவும் இல்லை. எத்தனை எழுத்து இருக்கிறதென்று யந்திரத்தையே கேட்டுப் பார் என்றார் தகப்பனார். நம் கண்ணுக்கு ஐந்து. யந்திரம் ஏழு என்றது. மறுபடியும் எண்ணிக்கை வித்தியாசமே வழி காட்டிற்று. ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தபோது, ‘வி’ என்பது வகரமாகவும் தனியே ஓர் இகரக் குறியாகவும் இரண்டாகப் பிரிந்து நின்றது. யூனிகோட் முறையில், அகரமேறிய உயிர்மெய் நீங்கலாக மற்ற உயிர்மெய், அகரமேறிய மெய்யின் உருவத்துக்கு ஓரிடமும் உயிர்க்குறிக்கு ஓரிடமுமாகச் சேமிக்கப்படுகிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது, ழகரத்தின் தலைப்புள்ளிக்கும் தனியிடம் உண்டாகையால். ஆகவே நிரல், முதலிடத்து வகரத்தைக் கடைசியிடத்து இகரக் குறியோடு ஒப்பிட்டு, வேறு வேறென்று உண்மையையே சொல்லியிருக்கிறது. எழுத்து என்றால் என்ன என்பதில் அவளுக்கும் யந்திரத்துக்கும் அபிப்பிராய பேதம்.

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி, பைத்தான் மொழிக்கென உள்ள ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நிரல்தொகுதியில் இருக்கிறது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து பொதுவில் வைத்தது. ஆனால் அவளுடையது ஜாவா. அதோடு அசைன்மென்ட்டை அவளே எழுதவேண்டும். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்திய மெய்யோடு ஒட்டி ஒரே பெட்டியில் போடு என்று ஒரு சிறு லூப்பை அவள் இரண்டு இரவுகளில் எழுதி முடித்தாள். நடுவில் ஓர் இரவு பத்தரை மணிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போது மூடி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னது, அந்த வாரத்தில் அவள் தாயார் செய்த மிகச் சிறந்த உதவி. மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விடை தானே தோன்றியதாகச் சொன்னாள்.

விகடகவி தேறியது. தேருவருதே தேறியது. இரவு எட்டு மணிக்குப் பாட்டி வந்ததும், இன்னொரு சொல் சொல்லுங்கள் பாட்டி என்று கேட்டாள். பாட்டி யோசிக்கவே இல்லை. “மோரு போருமோ,” என்றார். அவள் அப்படியே, நடுவில் இடம் விட்டுத் தட்டினாள். இல்லை என்று வந்தது.

தகப்பனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் வாய் திறக்கவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காகிதத்தை இழுத்து ஆறு பெட்டிகள் வரைந்தாள். இரண்டாவது பெட்டி வரையில் நிரப்பிவிட்டு, மூன்றாவதை வெறுமையாக விட்டு, மிச்ச எழுத்துகளை மற்றப் பெட்டிகளில் எழுதினாள். பிறகு முதலையும் ஆறையும் ஒரு கோட்டால் இணைத்தாள். இரண்டையும் ஐந்தையும் இணைத்தாள். மூன்றாவது பெட்டிமேல் பென்சிலை ஊன்றி, “பாட்டி, ஒரு நிமிஷம் இருங்க,” என்றாள்.